ஆயா சம்பளத்துக்கும் கணக்கு வேண்டும்

பால்காரருக்குக் கணக்கு இருக்கிறது. மளிகைக் கடைக்குச் சிட்டை இருக்கிறது. சமையல் காஸ் வந்தால் ரசீது வருகிறது. சீட்டு கட்டும் வீடுகளில் அதற்கென்று சிறு புத்தகம் உண்டு. இஸ்திரிக்குப் போட்ட துணி எத்தனை என்பதைக்கூடக் காலண்டரில் குறித்து வைக்கிறார்கள்.

குழந்தையைக் காலை முதல் மாலை வரை இடுப்பில் வைத்துக் காப்பாற்றும் ஆயாவுக்கு மட்டும் பெரும்பாலான வீடுகளில் கணக்கே கிடையாது!

முதல் தேதி வந்தால் பணத்தைக் கையில் கொடுக்கிறார்கள். அவரும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகிறார். எவ்வளவு கொடுத்தோம் என்று இவர்களும் எழுதுவதில்லை. எவ்வளவு வாங்கினோம் என்று அவரும் எழுதுவதில்லை. இப்படியே 10 வருஷம் ஓடிவிடுகிறது.

முன்பெல்லாம் குழந்தையைப் பாட்டி பார்த்துக்கொண்டாள். தாத்தாவை மருமகள் கவனித்தாள். இப்போது கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறார்கள். மகன் பெங்களூரில் இருக்கிறான். அப்பா தஞ்சாவூரில் தனியாக இருக்கிறார். பக்கவாதம் வந்தவரை ஆஸ்பத்திரியில் 10 நாள் வைத்திருந்து, "வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். யார் பார்ப்பது? ஆள் வைக்க வேண்டியிருக்கிறது. குழந்தைக்கு ஒரு ஆயா. பெரியவருக்கு ஒரு பராமரிப்புப் பெண். சில வீடுகளில் இரண்டு பேருமே உண்டு.

ஆள் வைத்த அன்றே அந்தக் குடும்பம் முதலாளி ஆகிவிடுகிறது. ஆனால் யாரும் அப்படி நினைப்பதில்லை. "முதலாளியா? நாங்களே மாதச் சம்பளக்காரர்கள்!" என்று சிரிப்பார்கள். "அவள் எங்கள் வீட்டுப் பெண் மாதிரி" என்பார்கள்.

அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் வீட்டுப் பெண் 2 நாள் காய்ச்சலில் படுத்தால் யாரும் அவளுக்குச் சம்பளம் பிடிப்பதில்லை. வீட்டுப் பெண்ணுக்கு வயதானால் சோறு போட வீடு இருக்கிறது. ஆயாவுக்கு?

முன்பணத் தகராறு

கணக்கு இல்லாததால் முதலில் வருவது முன்பணத் தகராறு.

மகளுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டும் என்று ஜூன் மாதம் ஆயா 20,000 ரூபாய் கேட்கிறார். வீட்டுக்காரர்களும் மனமிரங்கிக் கொடுக்கிறார்கள். மாதம் 2,000 பிடித்துக்கொள்வது என்று பேச்சு. ஐப்பசியில் தீபாவளி வருகிறது. "இந்த மாதம் பிடிக்க வேண்டாம்" என்று அம்மா சொல்லிவிடுகிறார். அடுத்த மாதம் ஊரில் சாவு. இன்னொரு 1,000 கைமாற்று. தை பிறந்த பிறகு பார்த்தால், எத்தனை மாதம் பிடித்தார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. பாக்கி 10,000 என்கிறார் வீட்டுக்காரர். 6,000தான் என்கிறார் ஆயா. இருவருமே பொய் சொல்லவில்லை. இருவருமே எழுதி வைக்கவில்லை.

அதோடு மனஸ்தாபம் வருகிறது. நல்ல ஆள் போய்விடுகிறார். குழந்தை நாலு நாள் அழுகிறது.

40 பக்க நோட்டு ஒன்று இருந்தால் இந்தச் சண்டை இல்லை. எந்தத் தேதியில் வேலைக்குச் சேர்ந்தார், மாதச் சம்பளம் எவ்வளவு, எந்த வேலைகள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, வாரத்தில் எந்த நாள் லீவு. இவ்வளவும் முதல் பக்கத்தில். அடுத்த பக்கத்திலிருந்து மாதம் ஒரு வரி. கொடுத்தது எவ்வளவு, முன்பணத்தில் பிடித்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு. இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆயாவுக்கு எழுத்துத் தெரியாவிட்டால் அவருடைய மகளோ மகனோ படித்துப் பார்க்கட்டும். இதே மாதிரி ஒரு நோட்டு ஆயாவின் வீட்டிலும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருக்கும் கணக்கு கணக்கு அல்ல.

பாங்கியில் போட்டால் இன்னும் நல்லது. செல்போனில் அனுப்பினாலும் சரிதான். ஆனால் பணம் ஆயாவின் சொந்தக் கணக்குக்கே போக வேண்டும். அவருடைய புருஷன் கணக்குக்கோ அண்ணன் கணக்குக்கோ அனுப்புவது கூடாது. உழைத்தவர் கைக்கு அது எப்போது வருமோ!

மணிக் கணக்கு

சம்பளத்தை மாதக் கணக்கில் மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோரும் உண்டு. ஏமாற்றுவோரும் உண்டு.

படுக்கையில் கிடக்கும் பெரியவருக்குப் பகலும் இரவும் துணை இருக்க ஒரு பெண் வருகிறார். சாப்பாடும் இடமும் வீட்டில். மாதம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கேட்பவர்களுக்கு அது பெரிய தொகையாகத் தோன்றும். அவர் இரவில் 8 மணி நேரம் தூங்குகிறார் என்றே இருக்கட்டும். (பெரியவர் தூங்க விட்டால்தானே!) மிச்சம் 16 மணி நேரம். 30 நாளைக்கு 480 மணி நேரம். 18,000 ரூபாயை 480-ஆல் வகுத்தால் மணிக்கு 37 ரூபாய் 50 காசு வருகிறது.

புரட்டிப் படுக்க வைப்பது, மலம் எடுப்பது, புண்ணுக்கு மருந்து போடுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் இந்த 37 ரூபாய் 50 காசுக்குள் அடக்கம்.

வீட்டு வேலைக்குத் தமிழக அரசு 2018-ஆம் ஆண்டில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயம் செய்தது. மணிக் கணக்கிலும் கூலி சொல்லப்பட்டிருக்கிறது. விலைவாசிக்குத் தக்கபடி குறைந்தபட்சக் கூலி மாறிக்கொண்டே இருக்கும். அந்த வருஷத்துக் கூலி எவ்வளவு என்று மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். ஆள் வைப்பதற்கு முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் குடும்பங்கள் மிகக் குறைவு. அது கீழ்வரம்புதான் என்பதையும் மறக்கக் கூடாது. அதற்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று அர்த்தமே தவிர, அதற்கு மேலே கொடுக்கக் கூடாது என்று அர்த்தமல்ல.

தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுக்கும் வீடுகள் இருக்கின்றன. நல்ல வழக்கம். பழைய புடவையையும் மிஞ்சிய பட்சணத்தையும் கொடுத்துவிட்டு அதைப் போனஸ் என்று சொல்லும் வீடுகளும் இருக்கின்றன. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

வாசலோடு நிற்கும் சட்டம்

மில்லில் வேலை செய்தால் பிராவிடண்ட் பண்டு இருக்கிறது. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. 5 வருஷம் வேலை பார்த்தவர் விலகும்போது கிராஜுவிட்டி கிடைக்கிறது. வீட்டு வேலைக்கு இவற்றில் எதுவும் கட்டாயமில்லை. பிராவிடண்ட் பண்டுக்கு 20 பேர் வேலை செய்யும் நிறுவனமாக இருக்க வேண்டும். இ.எஸ்.ஐ.க்கும் கிராஜுவிட்டிக்கும் 10 பேர் வேண்டும். எந்த வீட்டில் 10 ஆயா வைத்திருக்கிறார்கள்?

ஆகவே சட்டம் தெருவரைக்கும் வந்து வாசற்படியோடு நின்றுவிடுகிறது. வீட்டு வேலை செய்வோருக்காகத் தனிச் சட்டம் கொண்டு வருவது பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு மத்திய அரசுக்குச் சொன்னது. அதே வருஷம் நவம்பர் 21-ந் தேதி நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், குடும்பங்களில் வேலை செய்வோரும் அமைப்புசாராத் தொழிலாளர் என்று குறிப்பிடப்பட்டிருக்கிறது. பெயர் ஏறியிருக்கிறது. ஆனால் மாதா மாதம் இவ்வளவு கட்ட வேண்டும் என்ற பொறுப்பு குடும்பத்தின் மேல் வைக்கப்படவில்லை.

அப்படிப் பொறுப்பு வைத்த நாடு ஒன்று உண்டு. அது அமெரிக்கா. அங்கே நடந்தது கேட்கத் தகுந்த கதை.

இல்லத்தரசிகளின் கலகம்

அமெரிக்காவில் தொழிலாளருக்கு முதுமைக் காலப் பென்ஷன் தரும் சட்டம் 1935-ஆம் ஆண்டு வந்தது. முதலாளி ஒரு பங்கும் தொழிலாளி ஒரு பங்கும் வரியாகக் கட்ட வேண்டும். ஆனால் பண்ணை வேலை செய்வோரையும் வீட்டு வேலை செய்வோரையும் அந்தச் சட்டம் ஒதுக்கிவிட்டது. தென் மாநிலங்களில் அந்நாளில் வீட்டு வேலை செய்த பெண்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். காலமெல்லாம் பிறர் குழந்தையை வளர்த்துவிட்டு வெறுங்கையோடு முதுமை அடைந்தார்கள்.

15 வருஷம் கழித்து, 1950-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 1951 முதல் ஒரே வீட்டில் தொடர்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கும் பென்ஷன் வரி கட்ட வேண்டும் என்று ஆயிற்று. வரி எவ்வளவு? சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்றரை குடும்பத்தின் பங்கு. நூற்றுக்கு ஒன்றரை வேலை செய்பவரின் பங்கு. 100 டாலருக்கு மொத்தம் 3 டாலர்.

இதற்கே கலகம் வந்துவிட்டது!

டெக்ஸஸ் மாநிலத்தில் மார்ஷல் என்று ஒரு ஊர். அந்த ஊர் இல்லத்தரசிகள் சிலர் வரி கட்ட மறுத்தார்கள். தங்களைச் சம்பளமில்லாத வரி வசூல் குமாஸ்தாக்களாக ஆக்குவது நியாயமில்லை என்பது அவர்கள் வாதம். வீட்டுக்குள் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்றார்கள். வழக்குப் போட்டார்கள். 1953-ல் அப்பீல் கோர்ட்டு அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருஷம் நாட்டின் சுப்ரீம் கோர்ட்டு வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. கலகம் முடிந்தது. வரி நின்றது.

அந்தப் பெண்கள் கெட்டவர்கள் அல்லர். வீட்டை வீடாக மட்டுமே பார்த்தார்கள். ஒருத்தி அங்கே பிழைப்புக்காக வந்து நிற்கிறாள், அவளுக்கு அது வேலை செய்யும் இடம் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. இன்று தமிழ்நாட்டில் "இதற்கெல்லாம் நோட்டுப் போட வேண்டுமா?" என்று கேட்கும் குடும்பத் தலைவிக்கும் அதே எண்ணந்தான்.

மந்திரி பதவி போயிற்று

சட்டம் நின்றாலும் வரியை எல்லாரும் கட்டினார்களா? இல்லை. ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்த வீடுகள் எத்தனையோ. பெரிய இடத்திலும் அது நடந்தது.

1993-ஆம் ஆண்டு கிளிண்டன் ஜனாதிபதி ஆனபோது, ஸோயி பேர்டு என்ற பெண் வக்கீலைச் சட்ட இலாகாவுக்குத் தலைவராக்க விரும்பினார். அந்தப் பதவிக்கு அதுவரை ஒரு பெண்கூட வந்ததில்லை. அப்போது ஒரு விஷயம் வெளியே வந்தது. குடியேற்ற அனுமதி இல்லாத பெரு நாட்டுத் தம்பதியைக் குழந்தை பார்க்கவும் கார் ஓட்டவும் அவர் வேலைக்கு வைத்திருந்தார். அவர்களுக்கான பென்ஷன் வரியையும் உரிய காலத்தில் கட்டவில்லை. நாடே பேசியது. ஜனவரி மாதத்திலேயே அவர் பதவி வேண்டாம் என்று விலகிக்கொண்டார்.

ஆயாவின் கணக்கால் ஒரு மந்திரி பதவி போயிற்று!

அதன் பிறகு 1994-ல் சட்டத்தைச் சுலபமாக்கினார்கள். அதுவரை 3 மாதத்தில் 50 டாலர் கொடுத்தாலே வரி. அதை மாற்றி, வருஷத்தில் 1,000 டாலருக்கு மேல் கொடுத்தால்தான் வரி என்றார்கள். 3 மாதத்துக்கு ஒரு முறை கணக்குக் கொடுத்த தொல்லையும் போயிற்று. குடும்பம் தன் வருமான வரிக் கணக்கோடு வருஷத்துக்கு ஒரு தாள் சேர்த்துக் கொடுத்தால் போதும். அந்த வரம்பு ஏறிக்கொண்டே வந்து 2025-ல் 2,800 டாலர் ஆயிற்று.

இப்போது குடும்பத்தின் பங்கு நூற்றுக்கு 7 டாலர் 65 சென்ட். வேலை செய்பவர் பங்கும் அதேதான். வாரம் 500 டாலர் சம்பளம் என்றால், ஆயாவின் சம்பளத்தில் 38 டாலர் 25 சென்ட் பிடிக்க வேண்டும். குடும்பம் தன் கைப்பணம் 38 டாலர் 25 சென்ட் போட வேண்டும். ஆக 76 டாலர் 50 சென்ட் அரசாங்கத்துக்குப் போகிறது. அது ஆயாவின் பெயரில் பதிவாகிறது. வயதான காலத்தில் பென்ஷனும் வைத்திய உதவியும் அந்தப் பதிவைப் பார்த்துத்தான் வருகின்றன. வருஷம் முடிந்ததும் ஜனவரி மாதத்துக்குள் சம்பளச் சீட்டும் ஆயாவின் கைக்கு வர வேண்டும்.

நியூஜெர்ஸியிலும் டெக்ஸஸிலும் குழந்தைக்கு ஆயா வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே சட்டந்தான். ஊரிலிருந்து ஒரு அம்மாளைச் சுற்றுலா விசாவில் கூட்டிப் போய்ச் சம்பளத்துக்குக் குழந்தை பார்க்க வைப்பது அங்கே சட்ட விரோதம். "யாருக்குத் தெரியப் போகிறது?" என்று நினைப்போர் ஸோயி பேர்டு கதையை இன்னொரு தடவை படிக்கலாம்.

அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. ஆயாவே சில சமயம் வரி பிடிக்க வேண்டாம் என்று கேட்கிறார். கையில் வரும் பணம் குறைகிறதே என்பது அவர் கவலை. வாடகை இன்றைக்குக் கட்ட வேண்டும். பென்ஷன் எப்போதோ வரும். இந்தக் கவலை மார்ஷலுக்கும் மதுரைக்கும் பொது.

இங்கே வரி உண்டா?

இங்கே வீட்டு வேலைக்குத் தனியாகப் பென்ஷன் வரி இல்லை. வருமான வரி? சம்பளம் கொடுப்பவர் யாராக இருந்தாலும், அந்தச் சம்பளம் வரி வரம்பைத் தாண்டினால் வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்பது சட்டம். ஆனால் 2025-26 நிதியாண்டு முதல், புதிய முறையில் வருஷம் 12 லட்சம் ரூபாய் வரை சம்பளம் உள்ளவருக்கு வரி இல்லை. மாதம் 1 லட்சம் வாங்கும் ஆயாவை யாராவது பார்த்ததுண்டா? ஆகவே அந்தத் தொல்லை இல்லை.

ஆயாவுக்குக் கொடுத்த சம்பளத்தைக் குடும்பம் தன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளவும் முடியாது. அது சொந்தச் செலவு. ஒரே ஒரு இடத்தில் கொஞ்சம் சலுகை இருக்கிறது. தன்னை நம்பியிருக்கும் மாற்றுத்திறனாளி உறவினரின் வைத்தியத்துக்கும் பராமரிப்புக்கும் செலவு செய்பவர், பழைய முறையில் வரி கட்டுபவராக இருந்தால், 75,000 ரூபாயைக் கழித்துக்கொள்ளலாம். கடுமையான குறைபாடு என்றால் 1,25,000 ரூபாய். அதற்கு வைத்தியச் சான்றிதழ் வேண்டும்.

வரி இல்லை என்றதும் பொறுப்பும் இல்லை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது. அமெரிக்காவில் சட்டத்துக்குப் பயந்து செய்வதை இங்கே குடும்பம் தானாகச் செய்ய வேண்டியிருக்கிறது. வழிகள் இல்லாமல் இல்லை.

2019-ல் மத்திய அரசு தொடங்கிய ஷ்ரம் யோகி மாந்தன் பென்ஷன் திட்டத்தில் வீட்டு வேலை செய்வோர் சேரலாம். மாதச் சம்பளம் 15,000-க்குள் இருக்க வேண்டும். வயது 18-லிருந்து 40-க்குள். 29 வயதில் சேரும் பெண் மாதம் 100 ரூபாய் கட்டினால், அரசாங்கமும் 100 ரூபாய் போடுகிறது. 60 வயதுக்கு மேல் மாதம் 3,000 ரூபாய் பென்ஷன். 40 வயதில் சேர்ந்தால் மாதம் 200 ரூபாய் கட்ட வேண்டும். வேலை செய்பவருக்காகக் குடும்பமே அந்தச் சந்தாவைக் கட்டலாம் என்றும் 2022-ல் வழி செய்திருக்கிறார்கள். பக்கத்துப் பொதுச் சேவை மையத்துக்கு ஆதாரும் பாங்கிப் புத்தகமும் எடுத்துக்கொண்டு போனால் சேர்த்துவிடுவார்கள்.

சந்தாவை ஆயாவின் சம்பளத்தில் பிடிக்காமல் குடும்பமே கட்டுவது நல்லது. பிடித்தால் அவர் வேண்டாம் என்பார். அவர் மேல் குற்றமில்லை.

விபத்துக் காப்பீடு ஒன்று பாங்கியில் இருக்கிறது. வருஷத்துக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். 18 முதல் 70 வயது வரை சேரலாம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் தரும் ஆயுள் காப்பீடு இன்னொன்று. வருஷத்துக்கு 436 ரூபாய். 50 வயதுக்குள் சேர வேண்டும். இரண்டும் சேர்ந்து 456 ரூபாய். குடும்பத்தோடு ஒரு வேளை ஓட்டலில் டிபன் சாப்பிட்டால் இந்தப் பணம் போய்விடுகிறது. மே மாதக் கடைசியில் ஆயாவின் பாங்கிக் கணக்கில் அவ்வளவு இருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

நாற்பதைத் தாண்டியவருக்கு

ஆனால் ஆயா வேலைக்கு வருவோரில் நாற்பதைத் தாண்டியவர்கள் நிறைய. தன் பிள்ளைகளை வளர்த்து முடித்த பிறகுதான் பிறர் பிள்ளையை வளர்க்க வருகிறார்கள். அவர்களுக்கு மாந்தன் திட்டம் இல்லை. திட்டம் போட்டவர்கள் இதை யோசித்திருக்க வேண்டும்.

அவர்களுக்குத் தமிழ்நாட்டில் வேறு வாசல் திறந்திருக்கிறது. வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007-ல் அமைக்கப்பட்டது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்துகொள்ளலாம். பிள்ளைகளின் படிப்புக்கு உதவி உண்டு. கல்யாண உதவி, பிரசவ உதவி உண்டு. இறந்தால் குடும்பத்துக்குப் பணம் உண்டு. 60 வயதுக்கு மேல் பென்ஷன் உண்டு. ஆனால் வாரியம் என்று ஒன்று இருப்பதே பல ஆயாக்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் அலுவலகம் போக நேரமில்லை. போனால் அன்றைய சம்பளம் போகும்.

குடும்பம் இங்கே செய்யக்கூடியது இரண்டு. பதிவுக்குப் போக ஒரு நாள் சம்பளத்தோடு லீவு தரலாம். இவர் இன்ன தேதியிலிருந்து தங்கள் வீட்டில் வேலை செய்கிறார் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கலாம். குறித்த காலத்தில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதை நோட்டின் அட்டையில் எழுதி வைக்கலாம். படித்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில், விண்ணப்பத்தை அந்தப் பிள்ளையே நிரப்பித் தரலாமே! தன்னைத் தூக்கி வளர்த்தவருக்கு அது ஒரு மணி நேர வேலை.

இன்னொரு வழி தபாலாபீஸ். ஆயாவின் பெயரில் மாதாந்தரச் சேமிப்புக் கணக்குத் திறந்து, மாதம் 500 ரூபாய் குடும்பம் போட்டு வருவது. வட்டி நீங்கலாக 10 வருஷத்தில் 60,000 ஆகிறது. இதைக் கொஞ்சம் ஒத்துப் பார்க்கலாம். மாதம் 12,000 சம்பளம் வாங்கும் ஒருவர் கம்பெனியில் 10 வருஷம் வேலை பார்த்து விலகினால் கிராஜுவிட்டி எவ்வளவு? வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில், 69,230 ரூபாய். மாதம் 500 வீதம் போட்டு வந்தால் வட்டியோடு அந்த இடத்தைத் தாண்டியே விடுகிறது. கம்பெனிக்காரருக்குச் சட்டப்படி கிடைப்பது ஆயாவுக்கு அஞ்சலகப் புத்தகத்தில் கிடைக்கிறது. புத்தகம் ஆயாவிடமே இருக்க வேண்டும். வீட்டு அலமாரியில் பூட்டி வைத்துக்கொள்ளக் கூடாது.

ஏஜென்சிக்காரர் கையில்

பெரியவர்களைப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் இப்போது பலரும் ஏஜென்சிக்குப் போன் செய்கிறார்கள். குடும்பம் ஏஜென்சிக்குப் பணம் கட்டுகிறது. ஏஜென்சி அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் தருகிறது. நடுவில் எவ்வளவு நிற்கிறது?

இதைக் கேட்பது அநாகரிகம் என்று பலர் நினைக்கிறார்கள். கேட்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு போகிறது, அவருக்குப் பிராவிடண்ட் பண்டும் இ.எஸ்.ஐ.யும் பிடித்துக் கட்டுகிறார்களா என்று கேட்டு, ரசீதும் வாங்க வேண்டும். ஏஜென்சியில் 20 பேருக்கு மேல் வேலை செய்தால், வீட்டுக்குப் பொருந்தாத சட்டம் அந்த ஏஜென்சிக்குப் பொருந்தும். மாதம் 25,000 கட்டும் குடும்பம், அந்தப் பெண் கைக்கு 14,000தான் போகிறது என்று ஒரு நாள் தெரிந்து திடுக்கிடுவதைவிட முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

வேலை முடியும் நாள்

ஆயா வேலைக்கும் பராமரிப்பு வேலைக்கும் ஒரு விசேஷம் உண்டு. வேலையை நன்றாகச் செய்யச் செய்ய, வேலை போகும் நாள் நெருங்குகிறது. குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போகிறது. ஆயா வேண்டாம். பெரியவர் கண்ணை மூடுகிறார். பராமரிக்க ஆள் வேண்டாம்.

சாவு வீட்டில் எல்லாரும் துக்கத்தில் இருக்கிறார்கள். இரண்டு வருஷம் பெரியவருக்குச் சோறு ஊட்டிய பெண்ணும் ஒரு மூலையில் அழுதுகொண்டு நிற்கிறார். அவருக்குத் துக்கம் மட்டுமல்ல. நாளைக்கு வருமானமும் இல்லை. அந்த நேரத்தில் சம்பளப் பேச்சு எடுக்க அவருக்கும் வாய் வராது. வீட்டாருக்கும் நினைவு வராது. கையில் ஏதோ கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். 16-ம் நாள் காரியம் முடிந்து கணக்குப் பார்க்கும்போது பந்தல்காரர் பாக்கி ஞாபகம் வருகிறது. சமையல்காரர் பாக்கி ஞாபகம் வருகிறது.

ஆகவே இதையும் முதல் நாளே நோட்டில் எழுதிவிட வேண்டும். வேலை எந்தக் காரணத்தால் முடிந்தாலும் ஒரு மாதச் சம்பளம் கூடத் தருவது என்று எழுதலாம். வேலை செய்பவரும் போவதானால் 15 நாள் முன்னதாகச் சொல்வது என்று எழுதலாம். பிறகு யாரும் யாரையும் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

போகும்போது ஒரு கடிதமும் கொடுத்து அனுப்ப வேண்டும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தார், குழந்தையைப் பார்த்தாரா, படுக்கையில் இருந்தவரைப் பார்த்தாரா, ஊசி மருந்து விவரம் தெரியுமா, கடைசியாக வாங்கிய சம்பளம் எவ்வளவு. கீழே வீட்டுக்காரரின் கையெழுத்தும் டெலிபோன் நம்பரும். அடுத்த வீட்டில் வேலை கேட்கப் போகும்போது, "இதற்கு முன் எங்கே இருந்தாய்?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.